நீலக் கண்ணும் கேளாத காதும்

காது சோதிக்கிற தொழில் என்பது, பதில் வராத இடத்தில் திரும்பத் திரும்பச் சத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிற தொழில். பருத்தித்துறைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் அதைத்தான் செய்கிறேன்; வருகிறவர்களுக்கு நான் 'மிசி'. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து அடுத்தவர் கோபத்தை வாங்கிப் பழகியவர்களுக்கு, நான் சொல்லப்போவது விளங்கும்.

நித்திரையும் ஹோர்னும்

கைக்குழந்தை நித்திரையானால்தான் எங்களுக்கு வேலை. தலையில் வயர்களை ஒட்டி, காதுக்குள் சத்தம் விட்டு, மூளை பதில் சொல்கிறதா என்று கணினித் திரையில் பார்ப்போம். அன்று ஒரு குழந்தை பெரும்பாடுபட்டுக் கண்ணை மூடிய நேரம், மதிலுக்கு அப்பால் மீன்காரரின் மோட்டார்சைக்கிள் ஹோர்ன் அலறியது. குழந்தை துள்ளி எழும்பி வீரிட்டது. தகப்பன் ஆறுதலாகச் சொன்னார்: "காது கேக்குது எண்டு எழுதிவிடுங்கோ, மிசி. நாங்கள் போட்டு வாறம்."

வரிசையில் ஒரு குரல்

அடுத்ததாக உள்ளே வந்தவள் வதனி. கடற்தொழில் செய்கிற குடும்பம். இடுப்பில் ஒரு வயது நெருங்கும் மகள் ஆதிரை. மாநிறக் குழந்தையின் முகத்தில் இரண்டு கண்களும் வெளிர் நீலம். வெளியே நீள வாங்கில் காத்திருந்த பெண்கள் எட்டி எட்டிப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். வதனி யாரையும் பார்க்கவில்லை.

கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை என்று ஊர்க் கிளினிக் தாதி சொல்லி அனுப்பியிருந்தாராம். கூட வந்த மாமியாருக்கு அது பிரச்சினையாகப் படவில்லை. என் மேசையில் கையூன்றிக் குனிந்து, வதனிக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "எங்கடை ஆக்களிலை ஒருத்தருக்கும் உப்பிடிக் கண் இல்லை. அதை முதல்லை பாருங்கோ, மிசி."

நேர்கோடு

ஆதிரை நல்ல பிள்ளை, உடனே நித்திரையாகிவிட்டாள். சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். கருவியில் அதற்கு மேல் இல்லை. திரையில் மேடுபள்ளம் வரவேண்டிய கோடு நேராகவே கிடந்தது. வயர் கழன்றிருக்குமோ என்று எல்லாவற்றையும் கழற்றி மறுபடி ஒட்டினேன். அதே கோடுதான்.

இரண்டு காதும் கேட்கவில்லை என்று சொல்ல வாய் வராமல், "பிள்ளை வீட்டிலை எதுக்காவது திரும்புறவளோ?" என்று கேட்டேன். தான் கிட்டப் போய்க் கூப்பிட்டால் திரும்புவாள் என்றாள் வதனி. பிறகு திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப இவ்வளவு நாளும் என்ரை நிழலுக்குத்தான் திரும்பினவளோ?"

வேறு சோதனை

குழந்தை வைத்திய நிபுணரிடம் காட்ட வேண்டும், தாய் தகப்பன் இருவரும் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மறுபடி வந்தபோது கணவன் ரூபனும் அவன் தாயும் முன்னால் நடந்தார்கள், வதனி பிள்ளையோடு பின்னால். ரூபன் கதிரையில் இருக்கவில்லை. வைத்தியர் வரும் வரையும் பொறுக்கவுமில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து என் முன்னால் நின்றான்.

வதனி பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பூட்டினாள், கழற்றினாள், திரும்பப் பூட்டினாள். எனக்கு எழும்பி ஓட வேண்டும் போலிருந்தது. அவன் குரலை உயர்த்தாமல்தான் கேட்டான்: "காது கிடக்கட்டும். பிள்ளைக்குத் தகப்பன் ஆர் எண்டு சொல்லுற சோதினை இஞ்சை இருக்கோ?"

முன்நெற்றி முடி

கதவைத் திறந்து வைத்தியர் அம்மா வந்தார். பிள்ளையின் கண்ணைப் பார்த்தார். பிறகு ரூபனின் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, தலைக்கு டை அடிக்கிறனீரோ?"

ரூபனின் முகம் கறுத்தது. அவன் தாய்தான் பெருமையோடு சொன்னார்: "சின்னனிலையே நெத்திக்கு மேலை ஒரு கொத்து வெள்ளை, டொக்டர். இவன்ரை தகப்பனுக்கும் அப்பிடித்தான்." சொல்லி முடித்த பிறகுதான் அறை முழுக்கத் தன்னைப் பார்ப்பதைக் கண்டார்.

வைத்தியர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "வயித்துக்குள்ளை பிள்ளை உருவாகேக்கை, நிறம் குடுக்கிற கலங்கள், அதான் செல்லுகள், முதுகுப் பக்கமிருந்து புறப்பட்டு முடிக்கும் கண்ணுக்கும் உள்காதுக்கும் போகவேணும். அதுக்குரிய பரம்பரையலகுகளை, ஜீன் எண்டுறதுகளை, ஒரு புரதம்தான் முடுக்கிவிடும். அந்தப் புரதத்திலை பிழை இருந்தா, சில கலங்கள் போய்ச் சேராது. உமக்கு முடியோடை நிண்டிட்டுது. பிள்ளைக்குக் கண்ணிலையும் காதிலையும் வந்திட்டுது. ரெண்டும் ஒரே பிழைதான் எண்டு நினைக்கிறன். இரத்தம் அனுப்பினா உறுதியாத் தெரியும்."

உயர்தர வகுப்பில் நானும் இதைப் பாடமாக்கியவள்தான். செடி பூப்பதற்கும் குழந்தைக்குக் கண் உருவாவதற்கும் இப்படி முடுக்கிவிடுகிற புரதங்கள் வேண்டும் என்று பரீட்சையில் எழுதினேன். அதிலே ஒரு பெண்ணின் மானம் தொங்கும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கவில்லை.

ரூபன் நிலத்தைப் பார்த்தபடி, இரத்தம் அனுப்பத் தேவையில்லை, விளங்கிவிட்டது என்றான். அன்றைக்கு முதல்தடவையாக வதனி நிமிர்ந்தாள். "அனுப்புங்கோ, டொக்டர். இவருக்கு மட்டும் விளங்கினாப் போதாது."

முதல் சத்தம்

இரத்த முடிவு வந்தது. வைத்தியர் நினைத்தது சரி. வெளியில் மாட்டுகிற கருவி உதவவில்லை. உள்காதில் கருவி வைக்கிற சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்து, அது நடந்து, காயமும் ஆறியது. கருவியை முடுக்குகிற நாளில் எல்லோரும் வந்திருந்தார்கள். மாமியார் மூலையில் ஒதுங்கி இருந்தார்.

பிள்ளையைக் கூப்பிடச் சொன்னேன். வதனி, கணவனைப் பார்த்துத் தலையசைத்தாள். ரூபன் தொண்டையைச் செருமி, "ஆதிரை" என்றான். பிள்ளை அப்படியே உறைந்தாள். பிறகு உதடு பிதுங்கி, தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாள். எங்களுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. என் கண் கலங்கிவிட்டது. ரூபனுக்கு முகம் விழுந்துபோயிற்று. "என்ரை குரலுக்குப் பயந்திட்டாள்" என்றான். வதனி பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "பழகீடுவாள். நானும் பழகினனான்தானே."

எங்கள் கருவியில் எத்தனையோ அளவுச் சத்தம் இருக்கிறது, ஆனால் வெளி வாங்கில் இருந்து மெல்லமாகக் கதைக்கிற கதை மட்டும் எந்தச் செவிட்டுக் காதுக்கும் தப்பாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறது.