நேஷனாலிட்டி உள்ள பெண்

படித்தால் முன்னேறலாம் என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பாள். அவளைக் கட்டிக்கொள்பவனும் பிரான்சுக்குப் போகலாம் என்பதால், பி.ஏ., பி.எஸ்சி. என்று மாப்பிள்ளைகள் தாமாகவே வாசலில் வந்து நிற்பார்கள். விழிதியூர் விவசாயி மகளான எனக்கு அந்தக் கொடுப்பினை ஏது? வேலை இருந்தால்தான் கல்யாணம் என்று என்னைப் படிக்க வைத்தார் அப்பா.

ரோசலி என் வகுப்புத் தோழி. கணக்கில் அவளை யாரும் நெருங்க முடியாது. டீச்சர் ஆக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. எழுபத்தைந்தில் இருவரும் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தோம். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். அவளும் கேட்டாள். அவள் அப்பா ஆந்துவான், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"ஒனக்கு நேஷனாலிட்டி இருக்கு. அதுக்கு மேல என்னத்தப் படிக்கப் போறே?"

சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள், பாவம். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பி.காம். மாப்பிள்ளையோடு பாரீசுக்கு விமானம் ஏறினாள்.

பத்து வருஷம் கழித்து லீவில் வந்தாள். அப்போது அவள் தங்கை ழக்லின் நான் டீச்சராக இருந்த பள்ளியில் பிளஸ் டூ. நன்றாகப் படிக்கிற பிள்ளை, திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளை பார்த்தாயிற்றாம். எனக்கு வந்ததே கோபம்! நேரே வீட்டுக்கே போய்விட்டேன்.

"பரிச்ச வருது. ஏன்டி ஸ்கூலுக்கு வரலே?"

"எதுக்கு டீச்சர்? அக்கா வெறும் எஸ்.எஸ்.எல்.சி.தான். அங்க ஸ்கூல்லதானே வேல பாக்குது? நானும் போயி டீச்சர் ஆயிடுவேன்."

"கேட்டீங்களா டீச்சர்?" என்று ஆந்துவான் பெருமையாகச் சிரித்தார்.

எனக்குக் காபி கொண்டு வந்த ரோசலி தம்ளரை மேசைமேல் வைத்தாள். அவள் அங்கே டீச்சர் என்றுதான் ஊரே நினைத்திருந்தது. நானுந்தான். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

"ஸ்கூல்லதான் வேல," என்றாள். "பிள்ளைங்கல்லாம் வீட்டுக்குப் போனப்புறம் போவேன். வகுப்பக் கூட்டுவேன், கக்கூசு கழுவுவேன். வெக்கமா இருந்திச்சு, சொல்லல."

ஆந்துவான் காபித் தம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அதனால என்னம்மா? சம்பளம் பிராங்குல வருதுல்ல?"

"இவளையாச்சும் விட்டுடுங்கப்பா. படிக்கட்டும்."

ழக்லின் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"எனக்குக் கல்யாணம் வேணாம்பா. நான் நாளைக்கு ஸ்கூலுக்குப் போறேன்."

"கோயில்ல சாமியார் கல்யாண ஓலை வாசிச்சு ஊருக்கே சொல்லியாச்சு," என்றார் ஆந்துவான். குரலை உயர்த்தக்கூட இல்லை. "ஒன்ன யாரு கேட்டா?"