நாலு மரியாயிக்கு நடுவே

கல்லறைத் தோட்டத்துச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறவளுக்குச் செத்தவர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. இருக்கிறவர்கள்தான் சோறு உண்ண விடுவதில்லை. கோயில்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்ட அக்கா தங்கச்சிமாரே, உங்களுக்குத் தெரியாததா? சாக்கோட்டைப் பக்கம் எங்கள் மாதா கோயிலில் மணியடித்து, கல்லறையும் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை என் வீட்டுக்காரர்தான். அவர் கையெழுத்து அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே விளங்கும். ஆகையால் என் பிள்ளைகள் தலையெடுத்துப் போனபின், மரணப் புத்தகம் எழுதும் வேலை, கன்னியர் மடத்தில் நாலெழுத்துப் படித்த என் தலையில் விழுந்தது.

வேப்பமரத்துக்குக் கிழக்கே

கானாடுகாத்தான் செட்டியார் ஒருவருக்கு ரங்கூனில் சமையல் செய்துகொண்டிருந்த சூசையண்ணன் ஊர் திரும்பினார். அவர் அங்கே இருந்தபோது இங்கே செத்துப்போன பெண்சாதி மரியாயியின் குழியைக் காட்டச் சொன்னார். தன் காலம் வரும்போது அவள் பக்கத்தில் படுக்க வேண்டும், வேறு ஆசையே இல்லை என்றார்.

புத்தகத்தைத் திறந்தேன். முன்னிருந்த கோயில்பிள்ளை, ‘மரியாயி, வேப்பமரத்துக்குக் கிழக்கே’ என்று முத்துமுத்தாக எழுதியிருந்தார். பக்கத்தைப் புரட்டினால் அங்கேயும் ஒரு மரியாயி, வேப்பமரத்துக்குக் கிழக்கே. ஆக மொத்தம் நாலு மரியாயி, நாலு மண்மேடு, ஒன்றிலும் கல் கிடையாது. வேப்பமரமோ காற்றில் சாய்ந்து, திருநாள் அசனச் சோற்றுக்கு விறகாகி, நாங்கள் எல்லாரும் சாப்பிட்டும் முடித்தாயிற்று. தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கிழக்கே திரும்பிப் பார்த்தார்.

“மரம் விழுந்தா கிழக்கும் சேந்து விழுந்துருமா, தங்கச்சி?”

சீயம் வைத்த சண்டை

கல்லறைத் திருநாள் வந்தது. எவள் தன் மரியாயி என்று தெரியாததால், சூசையண்ணன் நாலு மேட்டிலும் மெழுகுதிரி ஏற்றி, அவளுக்குப் பிரியமான சீயத்தை இலையில் வைத்தார். பட்டறை மிக்கேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் பெண்சாதியும் அந்த நாலில் ஒரு மரியாயி. என் பெண்சாதிக்குப் பலகாரம் வைக்க நீர் யார் என்று ஒரே சத்தம். நான் செபமாலையைப் பிடித்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் நின்றேன்.

சரி, உங்கள் மரியாயி எது என்று சூசையண்ணன் பணிவாகவே கேட்டார். மிக்கேல் ஒரு மேட்டைக் காட்டினார். பிறகு பக்கத்து மேட்டைப் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கடைசியில் உட்கார்ந்து ஒரு சீயத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“நானும் இத்தனை வருசமாக் குத்துமதிப்பாத்தான் அழுதுக்கிட்டு இருக்கேன், அண்ணே.”

கல்லில் வந்த உ

இருவரும் சேர்ந்து, நாலு மேட்டுக்கும் பொதுவாக, நடுவிலிருந்த வெறுந்தரையில் மரியாயி என்று ஒரே கல் நட்டார்கள். கல்தச்சர், செட்டியார் வீடுகளுக்கே வேலை செய்து பழகியவர். சிலுவையை அருமையாகச் செதுக்கி, அதற்கு மேலே பழக்கதோஷத்தில் ஒரு பிள்ளையார் சுழியும் போட்டுவிட்டார்.

கல்லை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த வெள்ளைக்காரச் சாமியார் குனிந்து பார்த்து, இது என்ன எழுத்து என்றார். தேவமாதாவை வேண்டிக்கொண்டு வாயைத் திறந்தேன். ஆண்டவர் உயிர்த்தெழுந்த உத்தானத்துக்கு முதல் எழுத்து என்று வந்துவிட்டது. மிக்கேலுக்கு இருமல் வந்தது. சாமியார் தாடியைத் தடவினார். அவர் தமிழ்நாட்டுக்கு வந்து நரைத்தவர்.

“கல் நிற்கட்டும், அம்மா, ஆனால் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குத் தவறாமல் வாரும்.”

கையெட்டும் தூரம்

போன தபசுக்காலத்தில் சூசையண்ணன் படுக்கையில் விழுந்தார். கஞ்சி கொண்டுபோனேன். அவள் படுத்திருக்கும் பக்கம் எதுவென்று தெரியாமலே போகிறாரே என்று எனக்குத்தான் ஆற்றாமை. அவரோ சிரித்துக்கொண்டு, அந்தக் கல்லடியிலேயே தன்னைப் புதைக்கச் சொன்னார்.

“நடுவுல படுத்துக்கிறேன், தங்கச்சி. எவ என் மரியாயியா இருந்தாலும் கையெட்டுற தூரந்தான்.”

அப்படியே செய்தோம், இப்போது எந்த மரியாயியைக் கேட்டு யார் வந்தாலும் நான் தடுமாறுவதில்லை, சூசையண்ணனுக்கு அங்குட்டோ இங்குட்டோ இருப்பாள் என்று காட்டிவிட்டுச் சோறு உண்ணப் போய்விடுகிறேன்.