முழுச் சாவி

அத்தையின் கைக்கடிகாரத் திருகு ஒரு நெல்மணி அளவுதான் இருக்கும். நடவு நட்டுத் தடித்த விரல்களுக்கு அது எளிதில் அகப்படாது. திருவையாற்றுப் பக்கம் எங்கள் ஊரில் கூலிச் சண்டை ஓய்ந்து, ஐந்து மணிக்குப் பெண்கள் வயலைவிட்டுக் கரையேறலாம் என்று மிராசுதார் ஒப்புக்கொண்ட கையோடு, சங்கம் அந்தப் பழைய வாட்ச்சை அவளிடம் கொடுத்தது. அதுவரை பொழுது சாய்ந்துவிட்டதா என்பதைச் சொல்லும் உரிமை மிராசின் ஏஜெண்ட்டிடம்தான் இருந்தது.

ஸ்பிரிங் அறுந்துவிடும் என்று பயந்து அத்தை தினமும் அரைச் சாவியோடு நிறுத்திவிடுவாள். ஊரில் எல்லோருக்கும் அந்தப் பயம் உண்டு. லீவில் நானும் நட்டுக்கொண்டிருந்த ஒரு மாலை, நாங்கள் கரையேறிய பிறகு வரவேண்டிய பஸ், குனிந்த முதுகுகளோடு நாங்கள் சேற்றில் நிற்கும்போதே பாலத்தைத் தாண்டிப் போனது. அத்தையின் வாட்ச்சில் இன்னும் ஐந்தாகவில்லை.

"என்னக்கா, நம்ம வாட்ச்சும் மிராசு பக்கம் சேந்துக்கிச்சா?" என்றாள் ஒருத்தி. வரப்பில் நின்ற ஏஜெண்ட் தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டிச் சிரித்தார். "உன் வாட்ச் சாவியாப் போச்சும்மா. நாளையிலேர்ந்து என் கையைப் பாத்துக் கரையேறுங்க."

பால் பிடிக்காத நெல்லையும் எங்கள் பக்கம் சாவி என்றுதான் சொல்வோம். அத்தை விடவில்லை. "சாவி விழுறது உங்க வயல்லங்க. எங்க வாட்ச்சுக்கு நாங்க கொடுத்துக்குறோம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு அதே யோசனை. "காலையில நல்லாத்தானே ஓடுது? சாயங்காலம்தான் தள்ளாடுது. அரை வயித்துக் கஞ்சியில நம்ம கை ஓடுற மாதிரி."

எவ்வளவு சரி! ஸ்பிரிங் சுருள் தளரத் தளர அதன் உந்துதல் குறையும். உள்ளே ஊசலாடும் சக்கரத்தின் வீச்சு சுருங்கி நேரம் பிசகும். நிற்காமல் ஓடுவது வேறு, சரியாக ஓடுவது வேறு. பின்னாளில் வாட்ச் பைத்தியம் பிடித்து, கிடைத்ததையெல்லாம் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு இது பிடிபட்டது.

மறுநாள் காலை பெண்கள் சுற்றி நிற்க, அவள் முள்ளைச் சரியான நேரத்துக்கு வைத்துவிட்டுச் சாவி கொடுத்தாள். "போதுங்க்கா, அறுந்துடப்போவுது!" அவள் நிறுத்தவில்லை. திருகுதான் நின்றது. "போதும்னு அதுவே சொல்லுதுடி."

அன்று ஐந்து மணிக்கு அத்தை நிமிர்ந்தாள். "கரையேறுங்க!" ஏஜெண்ட் கையைத் தூக்கினார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாங்கள் வாய்க்காலில் கால் கழுவும்போது பஸ் வந்தது. அவர் கையை இறக்கிக்கொண்டார்.

இப்போது அந்த வாட்ச் என் கையில். சென்னையில் என் ஆபீஸில் வேலை தொடங்க நேரம் உண்டு, முடிய நேரம் இல்லை. காலையில் அந்த நெல்மணியைத் திருகுகிறேன். ஒரு கட்டத்தில், இதற்கு மேல் முடியாது என்று அது விரலைத் தடுக்கிறது. மாலை ஐந்தானதும் நான் எழுந்துவிடுகிறேன்.