பாயிண்ட் பார்க்கும் படிப்பு

இந்நேரத்தில் குழுவில் எழுதுவதற்கு மன்னியுங்கள்; பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

பிரசவத்துக்காக விட்ட பி.எஸ்சி. இயற்பியலை மறுபடி தொடர்கிறேன். சிறப்புப் பாடம் புவி இயற்பியலா, மின்னணுவியலா என்று நாளை காலை பத்து மணிக்குள் எழுதித் தர வேண்டும்.

மாலை திருச்செங்கோடு பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா என் படிவத்தை எட்டிப் பார்த்தார். “புவி இயற்பியல்னா என்னங்க சாமி?”

“நிலத்துக்கடியில தண்ணி எங்க இருக்குதுன்னு கருவி வெச்சுப் பாக்கறதும் அதுல வருங்க்கா.”

“அட, பாயிண்ட் பாக்கறதா! அதுக்கெதுக்கு காலேஜு? எங்க மாமனாரு உள்ளங்கையில தேங்காய வெச்சுட்டு வெள்ளாமக் காட்டுக்குள்ள நடப்பாரு. தண்ணி இருந்தா தேங்கா எந்திரிச்சு நிக்கும்.”

“தண்ணி வந்துச்சுங்களா?”

“எட்டு போர் போட்டோம். ஏழுல சொட்டுத் தண்ணியில்ல, வெறும் மண்ணுப் பொகதானுங்க.”

பஸ்ஸே சிரித்தது. இதற்காகத்தான் இந்தப் பாடம் என்று எனக்கு ஒரு நிமிடம் தைரியம்கூட வந்தது.

அக்கா மறுபடி படிவத்தைப் பார்த்தார். “இந்தப் பாடத்துக்குப் பத்து நாள் வெளியூர்ல தங்கோணும்னு போட்டிருக்குது. பால்குடிக்கிற கொழந்தைய என்ன பண்ணுவீங்க?”

படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். வீட்டிலும் இதே கேள்விதான். மின்னணுவியல் எடுத்தால் எல்லோருக்கும் நிம்மதி, என்னைத் தவிர.

சற்றுமுன் இரண்டு பாடத்தின் பெயரையும் தாளில் எழுதி, சமையலறைத் தேங்காயை உள்ளங்கையில் வைத்து அவற்றின் மேலே நகர்த்திப் பார்த்தேன். எதற்கும் எழும்பவில்லை.

கைக்குழந்தை இருந்தும் கள ஆய்வுக்குப் போய்வந்தவர்கள் யாராவது காலைக்குள் பதில் சொல்லுங்கள்.