அத்தான் கணக்கில் ஐந்தாவது ஆள்

ஆஸ்பத்திரியின் நிலவறையில் அவளுக்கு வேலை. மேலே அறுவை சிகிச்சை முடிந்ததும் கத்தரிக்கோல், இடுக்கி, ஊசி எல்லாம் தட்டுத் தட்டாகக் கீழே இறங்கி வரும். அவற்றைத் தண்ணீரில் அலசி, பல்லிடுக்குகளில் பிரஷ் விட்டுத் தேய்த்து, அடுக்கி, ஆவி இயந்திரத்துக்குள் தள்ள வேண்டும். காய்ந்த ரத்தம் இருக்கும், கொழுப்பு இருக்கும், சில நாள் இன்னதென்று சொல்ல முடியாத ஏதோ ஒன்றும் ஒட்டியிருக்கும். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் வாரமே வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவார்கள். இவள் ஆறு வருடத்துக்கு மேலாக அங்கே நிற்கிறாள். ஆரம்பத்தில், கழுவினால் போய்விடும், அவ்வளவுதானே என்பாள்.

வீட்டுக்கு இரண்டு பெண்கள். இளையவள் என்பதால் இவள் சின்னவள். அக்கா கல்யாணமாகி முதலில் இந்த நாட்டுக்கு வந்தாள். பிறகு தங்கையை வரவழைத்துக்கொண்டாள். முதல் இரண்டு வருடம் சின்னவள் அக்கா வீட்டில்தான் இருந்தாள். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத ஓர் அறை. அதற்கு மாதா மாதம் வாடகை கொடுத்தாள். அதோடு சனி, ஞாயிறுகளில் அக்கா பிள்ளைகள் இரண்டையும் பார்த்துக்கொண்டாள். இதையெல்லாம் அவள் குறையாக நினைத்ததில்லை. சொந்த வீட்டில் இருக்கிறோம் என்றுதான் நினைத்தாள்.

அக்கா புருஷன் ஒரு மரச்சாமான் கிடங்கில் மேலாளர். ஆனால் தெரிந்தவர்கள் மத்தியில் அவருக்குப் பெயர் வேறு. வருமான வரிப் படிவம் என்றாலே எல்லாரும் அவரிடம் ஓடிவருவார்கள். எங்கே எதைக் கழிக்கலாம், எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று விரல் நுனியில் வைத்திருப்பார். சாப்பிட்டுக்கொண்டே, பல் குத்திக்கொண்டே அடுத்தவர் சம்பளத்தை அலசுவார். சின்னவளின் சம்பளக் காகிதங்களையும் இரண்டு வருடமும் அவர்தான் வாங்கி வைத்துக்கொண்டார். உனக்கு வருமானம் கம்மி, வரி எதுவும் வராது, நான் தாக்கல் பண்ணிட்டேன் என்றார். அவளும் அதோடு அதை மறந்துவிட்டாள்.

மூன்றாம் வருடம் விடுப்பு எடுத்து ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். அதிர்ந்து பேசாத மனிதர். இருபத்து நான்கு நாள் சேர்ந்து இருந்தார்கள். திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டாள். கணவரை அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கும் வேலையில் இறங்கினாள்.

நகல் கடைக்கு மாடியில் ஓர் அம்மாள் இந்த விசா விண்ணப்பங்களை எல்லாம் நிரப்பிக் கொடுப்பார். அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் ஃபார்மம்மா என்றே கூப்பிடுவார்கள். அவர் சின்னவளை உட்கார வைத்து விவரம் சொன்னார். கணவரைக் கூப்பிடுகிறவர் அவரைத் தன்னால் வைத்துக் காப்பாற்ற முடியும் என்று உறுதி எழுதித் தர வேண்டும். அதற்கு மூன்று வருட வரித் தாக்கல் வேண்டும். குடும்பத்தில் எத்தனை பேரோ அதற்கு ஏற்ப இவ்வளவு வருமானம் என்று ஒரு கோடு உண்டு. சம்பளமில்லாத விடுப்பு எடுத்ததால் கடைசி வருடம் சின்னவளின் வருமானம் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. வருமானம் உள்ள இன்னொருவர் கூட நின்று கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் ஃபார்மம்மா.

அத்தானிடம் கேட்டாள். அவர் உடனே சரி என்றுவிட்டார். ஆனால் ஒரு மாதம் வரை அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது. யார் வீட்டுக்கு வந்தாலும், இவ புருஷனையும் நான்தான் தூக்கி இந்தக் கரையில போடப் போறேன் என்பார். சின்னவள் தேநீர்த் தட்டோடு நின்று சிரிப்பாள். சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கும்.

அத்தான் தன் வருமானம் இருக்கிற ஒரு பக்கத்தை மட்டும்தான் கொடுத்திருந்தார். ஃபார்மம்மா அதைத் திருப்பி அனுப்பினார். முழுப் படிவமும் வேண்டும், கூட நிற்பவரின் குடும்பத்தில் எத்தனை பேர் என்று எண்ணித்தான் அந்தக் கோட்டைப் போட முடியும் என்றார். அத்தான் அப்போது வேலையாக வெளியூர் போயிருந்தார். அக்கா மேசை இழுப்பறையைத் திறந்து, மூன்று வருடக் கோப்புகளையும் அப்படியே தூக்கித் தங்கையிடம் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் ஃபார்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"உங்க அக்கா வீட்டுல மொத்தம் எத்தனை பேரு?"

"நாலு பேருங்க. அக்கா, அத்தான், ரெண்டு பசங்க."

"முதல் ரெண்டு வருஷமும் இவர் அஞ்சு பேர்னு காட்டியிருக்காரே. அஞ்சாவது ஆள், மனைவியோட தங்கச்சி. நரம்புக் கோளாறு, வேலை செய்ய முடியாதவங்க, முழுக்க இவர் செலவுலதான் இருக்காங்கன்னு எழுதியிருக்கு. உங்களுக்கு இன்னொரு சகோதரி உண்டா?"

சின்னவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். ஃபார்மம்மா காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவளுடைய பிறந்த தேதி, அவளுடைய வரி எண். கீழே அத்தானின் கையெழுத்து. அதற்கும் கீழே அக்காவின் கையெழுத்து. அந்த இரண்டு வருடமும் அவள் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. காய்ச்சலோடு நின்று இடுக்கி தேய்த்திருக்கிறாள். அந்த நாட்களில் அவளை நோயாளியாக்கி, அதைக் காட்டி ஒரு மனிதர் வரிச் சலுகை வாங்கித் தின்றிருக்கிறார். அந்த இரண்டு வருடத்துக்கும் அவள் பெயரில் தாக்கல் எதுவும் இல்லை என்பதும் ஃபார்மம்மா விசாரித்ததில் அன்றே தெரிந்துவிட்டது.

படியிறங்கினாள். நகல் கடைக்கு வெளியே குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வாந்தி வரவில்லை. உமிழ்நீர்தான் ஊறிக்கொண்டே இருந்தது.

அத்தான் வெளியூரிலிருந்து திரும்பிய அன்று போய்க் கேட்டாள். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. காலுறையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டே பதில் சொன்னார். எல்லாரும் செய்வதுதான், இதில் யாருக்கும் நஷ்டமில்லை, அரசாங்கப் பணம் யார் அப்பன் வீட்டுப் பணம் என்றார். அக்கா அடுப்பங்கரை வாசலில் நின்றாள். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும், நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன் என்றாள். பிறகு அவளே, ரெண்டு வருஷம் இந்த வீட்டுச் சோறுதானே தின்னே என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள். கொடுத்த வாடகை சின்னவளின் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லக் கூசியது. விழுங்கிவிட்டாள்.

அதற்குள் அத்தான் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? அந்த ரெண்டு வருஷம் உனக்கு உடம்பு சரியில்லைதான்னு, யாராவது கேட்டா காட்ட ஒரு கடிதம் எழுதிக் கொடு. எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு, அவர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிக்கலாம். நீ அதுல கையெழுத்துப் போடு, நான் உன் புருஷனுக்குக் கையெழுத்துப் போடறேன்."

"அப்ப நான் ஆஸ்பத்திரியில வேலை செஞ்சது?"

"அதை யாரு பார்க்கப் போறா?"

பேசும்போது அவர் கை அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டியது, பெரிய மனிதர் சின்னப் பிள்ளையைச் சமாதானம் செய்வதுபோல. வீட்டுக்குப் போனதும் அந்தச் சட்டையைக் கழற்றி வாளியில் போட்டாள். சோப்புப் போட்டு இரண்டு முறை துவைத்தாள். பிறகும் அதை உடுத்தவில்லை.

கணவரைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தாள்.  அவர் சொன்னது இதுதான்: "எழுதிக் கொடுத்துடேன். ஒரு காகிதம், அவ்வளவுதானே. எனக்கு இங்க எல்லாருக்கும் பதில் சொல்லி முடியலை."

அவள் போனை வைத்துவிட்டாள். பதினொரு நாள் பேசவில்லை. அத்தானை நினைத்து வந்த குமட்டலைவிட இது மோசமாக இருந்தது. அவரை அருவருத்துவிட்டு ஒதுங்கிவிடலாம். இவரை அருவருத்தால் யாருக்காக இத்தனை படிவம்?

பன்னிரண்டாம் நாள் ஃபார்மம்மாவிடம் போனாள். ஒளிவுமறைவில்லாமல் செய்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். அவரும் பூசி மெழுகவில்லை. இரண்டு வருடத்தையும் இப்போது உள்ளபடி தாக்கல் செய்யலாம், தாமதத்துக்கு அபராதம் வரும். அவள் எண் இரண்டு இடத்தில் வருவதால் வரி அலுவலகம் அத்தானைக் கூப்பிட்டுக் கேட்கும். அவர் கையெழுத்துப் போடமாட்டார். அப்படியானால் ஒரு முழு வருடம் கூடுதலாக உழைத்து, அவள் சம்பளம் மட்டுமே அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். இதை எல்லாம் சொல்லிவிட்டு, "போட்டுடலாமா?" என்று பேனாவை நீட்டினார்.

போட்டாள்.

அன்று மாலையே கணவரைக் கூப்பிட்டாள். இன்னும் ஒரு வருடம் ஆகும், காத்திருக்க முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றாள். காத்திருக்கேன் என்றார் அவர். மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் கேட்கச் சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்து வரி அலுவலகத்திலிருந்து அத்தானுக்குக் கடிதம் போயிற்று. அவர் சலுகையைத் திருப்பிக் கட்டினார், அதற்கு மேல் தண்டமும் கட்டினார். பிறகு கைபேசியில் சொந்தக்காரர் குழுவுக்கு அவருடைய குரல் பதிவு ஒன்று வந்தது. சோறு போட்ட கையைக் கடித்தவள் என்றார். அதோடு விடவில்லை, அவளுக்கு உண்மையிலேயே நரம்புக் கோளாறு உண்டு, அதனால்தான் இப்படி நடந்துகொள்கிறாள் என்றார். ஒன்பது பேர் அதைக் கேட்டார்கள். ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. ஒரு சித்தப்பா மட்டும் கும்பிடுகிற கை படத்தைப் போட்டார், யாருக்கு என்று தெரியாமல். சின்னவள் குழுவிலிருந்து வெளியேறினாள்.

அந்த வருடம் சனிக்கிழமைகளிலும் நிலவறையில் நின்றாள். காலில் நரம்பு சுருண்டு புடைத்தது. வருட முடிவில் கணக்குப் பார்த்தபோது கோட்டைத் தாண்டியிருந்தாள், மயிரிழையில். உறுதிப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் வரி வரியாகப் படித்தாள். பிரிந்துபோனாலும் இத்தனை வருடம் இவர் செலவுக்கு நானே பொறுப்பு என்று ஓர் இடத்தில் இருந்தது. இப்படியா இருக்கும் என்று ஃபார்மம்மாவைக் கேட்டாள். எல்லாருக்கும் இப்படித்தான், ஆனா யாரும் படிக்கிறதில்லை என்றார் அவர். அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

கணவர் வந்து சேர்ந்தார். மூன்று மாதத்தில் ஒரு கட்டடப் பராமரிப்பு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பாத்திரம் துலக்குகிறார், அவள் காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கிறார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எதற்காவது அவர் 'அவ்வளவுதானே' என்று சொல்லிவிட்டால் அவளுக்கு முகம் கடுத்துப்போகும். அவருக்கும் காரணம் தெரியும். சட்டென்று வாயை மூடிக்கொள்வார்.

அக்கா ஒரே ஒரு தடவை தனியாக வந்தாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிள்ளைகளின் படிப்பைப் பற்றியே பேசினாள். எழுந்திருக்கும்போது, அவர் இப்போதும் படிவம் எழுதுகிறார், இந்த வருடம் முன்னைவிட அதிகம் பேர் வருகிறார்கள் என்றாள். அதில் பெருமை இருந்ததா, வெட்கம் இருந்ததா என்று சின்னவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கதவு வரை போய் வழியனுப்பினாள். மறுபடி வா என்று சொல்லவில்லை.

இப்போது அவளுக்கு நிலவறையில் மேற்பார்வையாளர் பதவி. புதிதாக வருகிறவர்களுக்கு இடுக்கியைப் பிரித்துத் தேய்க்கச் சொல்லித் தருகிறாள். 'அவ்வளவுதானே' என்று மட்டும் சொல்வதில்லை.