குளிரறையில் ஈரச்சாக்கு

நடந்தவை, வரிசைப்படி:

1. ஆலங்குடியில் பூ வியாபாரம் செய்யும் ஓர் அக்கா, கடைக்குப் பின்னால் சின்னதாக ஒரு குளிரறை கட்டினார்.
2. அதற்கு இயந்திரம் பொருத்திக் கொடுத்தவர், மஸ்கட்டில் பல வருடம் ஏசி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு மெக்கானிக்.
3. மூன்றாம் மாதம், ஒரு பெரிய முகூர்த்தத்துக்கு முந்தைய நாள், உள்ளே இருந்த மல்லிகை முழுவதும் பழுப்பேறிப் போனது.
4. இயந்திரமே சரியில்லை என்று அக்கா நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார்.
5. காரணத்தைக் கண்டறிந்து சொல்லும்படி ஆணையம் என்னை நியமித்தது.
6. நான் பார்த்தேன், அறிக்கை எழுதினேன். அதன் கடைசிப் பத்தி நான் கண்டுபிடித்தது அல்ல.

அந்த அறிக்கையின் நகல் என் மேசையில்தான் இருக்கிறது. இணைப்பில் பதினான்காவது படம் ஒரு பனிக்கட்டி. உள்ளங்கை அகலம். அதற்குள் ஒரு மல்லிகை மொட்டு, காம்போடு, அன்று காலை பறித்ததுபோல வெள்ளையாக இருக்கிறது. அறை முழுக்கப் பூ கருகிப்போனபோதும் பனிக்குள் மாட்டிய மொட்டு மட்டும் கெடவில்லை. பனிக்கட்டியைப் பிடித்திருப்பது மெக்கானிக்கின் கை. அளவு தெரிவதற்காக நான்தான் பிடிக்கச் சொன்னேன்.

எனக்கு ஊர் கீரனூர். வேலை திருச்சியில், குளிரூட்டும் இயந்திரங்களைச் சோதித்து அறிக்கை தரும் ஒரு சிறிய அலுவலகத்தில். இப்படிப் போகும் இடங்களுக்கெல்லாம் முப்பத்தோரு கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை எடுத்துப் போவேன். ஆலங்குடிக்கும் எடுத்துப் போனேன். இயந்திரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். "அன்னைக்கு எப்படி வச்சிருந்தீங்களோ, ஒரு மாற்றமும் இல்லாம அப்படியே ரெண்டு நாள் ஓட்டுங்க" என்றேன். அக்கா கூடைகளை அடுக்கினார். சணல் சாக்குகளை வாளியில் முக்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒவ்வொரு கூடையின் மேலும் போர்த்தினார். பூ மார்க்கெட்டில் எல்லோரும் செய்வதுதான். வெயிலில் பூவைக் காப்பாற்றியது அந்த ஈரச்சாக்கு. குளிரறை வந்த பிறகும் அதை விட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மெக்கானிக் வாசலோரம் நின்றார். அக்கா அவரைப் பார்க்காமல் என்னிடம் சொல்வதுபோல அவரிடம் சொன்னார்: "மஸ்கட்டுல மாளிகை மாளிகையா ஏசி மாட்டுனவராம் மேடம். இங்கிட்டு ஒரு கூடை மல்லியக் காப்பாத்த முடியல."

"அங்கிட்டு யாரும் மாளிகைக்குள்ள பூ விக்கலக்கா" என்றார் அவர், குனிந்தபடியே. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்கு நினைவுக்கு வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலை இயந்திரத்தின் மூடியைக் கழற்றினோம். குளிர்விக்கும் குழாய்களின் மேல் பனி சுவர்போல் கட்டியிருந்தது. கூடைகளில் பூ மறுபடியும் கருகியிருந்தது; அந்தப் பனியில் பெயர்த்த துண்டுதான் பதினான்காவது படம். சாக்கின் ஈரம் காற்றில் ஏறி, அங்கே போய் உறைந்து, காற்றுப் போகும் வழியையே அடைத்துவிட்டது. மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை, அறை சூடாகிறது. இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. பனியை உருக்கிவிடும் டைமர், கையேட்டில் உள்ளபடி ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று சரியாகத்தான் இருந்தது. முப்பத்தோரு கேள்விகளுக்கும் பதில் கிடைத்தது. பயன்படுத்தியவரின் தவறு என்று எழுதி நோட்டை மூடினேன். மெக்கானிக் தப்பித்தார் என்று எனக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. ஊர் திரும்பி கடை போட்டு ஒரு வருடம் ஆகாதவர். வழக்கில் தோற்றால் அந்த வட்டாரத்தில் யார் அவரைக் கூப்பிடுவார்கள்?

அக்கா டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் அவர் சொன்னார்: "ஈரச்சாக்க நான் அன்னைக்கே பாத்தேன் மேடம்."

மெஷினை முதன்முதலில் ஓட்டிய வெள்ளிக்கிழமையைச் சொன்னார். நல்ல நேரம் பார்த்து, எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி வாசலில் வைத்து, சூடம் காட்டி, அக்கா முதல் கூடையை உள்ளே வைத்துச் சாக்கைப் போர்த்தியிருக்கிறார். "சூடம் எரியுது. அந்த நேரத்துல, இப்படி வச்சா கெட்டுப்போகும்க்கான்னு வாயத் தொறக்க முடியுமா? கெட்டுப்போகும்ங்கிற வார்த்தைய அன்னைக்குச் சொல்லலாமா? அடுத்த வாரம் வந்து சொல்லிக்கலாம்னு நெனச்சேன். கோடை வேலை வந்துருச்சு. டைமர நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவன்னு திருப்பி வச்சிருந்தாக்கூடப் போதும். திருகுற வேலைதான்."

மூடிய நோட்டை மறுபடியும் திறந்தேன். பிறகு, "இதை நான் கேக்கவே இல்லையே. எழுதணுமா?" என்றேன்.

"எழுதுங்க. இல்லாட்டி அந்தக்கா கை பட்டுத்தான் பூ போச்சுன்னு ஆயிரும். கல்யாணத்துக்குப் பூ குடுக்குறவங்க மேடம். கைராசி இல்லன்னு ஒருத்தன் சொன்னாப் போதும், அப்புறம் யாரு வாங்குவா?"

பேருந்தில் கீரனூர் வரும்வரை அதை எழுதாமல் விடுவதற்கான காரணங்களை மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். நாலு கிடைத்தன. நான்கும் அவருக்கு நல்லவை. அவர் எழுதச் சொல்லியிருந்தார் என்ற ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் இருந்தது. எழுதினேன். விசாரணையில் அவருடைய வழக்கறிஞர், "என் கட்சிக்காரர் இப்படிச் சொன்னாரா, நீங்களாக ஊகித்தீர்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் பின்னால் இருந்து, "சொன்னேன் சார்" என்று குரல் வந்தது. அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். எச்சரிக்காமல் விட்டது சேவைக் குறை, ஈரச்சாக்கு வைத்தது பயன்பாட்டுக் குறை, இரு பக்கமும் பொறுப்பு என்று உத்தரவு வந்தது.

ஊரில் யாரும் உத்தரவை முழுதாகப் படிக்கவில்லை. கோர்ட்டுக்குப் போன மெக்கானிக் என்பது மட்டும் நின்றது. அவரிடம் பேசி வைத்திருந்த கல்யாண மண்டப வேலை திருச்சி ஆட்களுக்குப் போனது. சில மாதங்களில் கடையை மூடிவிட்டு மறுபடியும் மஸ்கட்டுக்கே போய்விட்டார்.

போன மாதம் ஆலங்குடிப் பக்கம் போனபோது அக்கா கடையில் நின்றேன். இயந்திரத்தில் ஏதோ சத்தம். அக்கா வாட்ஸப்பில் வீடியோ கால் போட்டு, கைப்பேசியை விசிறிப் பக்கம் திருப்பினார். "என்னப்பா இது, கரகரங்குது." அந்தப் பக்கத்திலிருந்து, "போல்ட்டு தளர்ந்திருக்குக்கா. விட்டா விசிறி ஒடையும். இப்பவே முறுக்குங்க" என்றது பழகிய குரல். அன்று வெள்ளிக்கிழமை. கடை வாசலில் ஏற்றிய சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

என் பட்டியலில் இப்போது முப்பத்திரண்டாவது கேள்வி ஒன்று உண்டு: ஒப்படைத்த நாளில் எதைப் பார்த்தும் சொல்லாமல் விட்டீர்கள்? அதைக் கேட்கும்போதெல்லாம் பதினான்காவது படம் நினைவுக்கு வரும். அதில் மொட்டைவிட அந்தக் கையைத்தான் இப்போது அதிகம் பார்க்கிறேன். குளிரில் விரல் நுனிகள் சிவந்திருக்கின்றன. நான் படம் எடுத்து முடிக்கும்வரை கீழே வைக்கவில்லை.

இன்றைய நிலை: குளிரறை ஓடுகிறது. டைமர் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. சாக்குகள் வெளியே கொடியில் காய்கின்றன. அக்காவுக்கு முகூர்த்தப் பூ ஆர்டர் நிற்கவில்லை. ஆலங்குடியில் அந்த இயந்திரத்தைத் தொட்டுப் பார்க்க ஆள் இல்லை.