ரப்பர் பூட்ஸ் போட்ட வெள்ளிவிழாக்காரி

இல்லை, அது பொய். போடில் தன் கல்யாண வெள்ளிவிழா அன்று வேண்டுமென்றே புருஷனை அவமானப்படுத்தினாள் என்று எதிர்வீட்டு குட்ருன் ரொட்டிக் கடையில் நின்று சொல்கிறாளே, அது முழுப் பொய். அவமானப்படுத்தத் திட்டம் போடுகிறவள் நைட்டியும் ஆலை ரப்பர் பூட்ஸுமாகவா வருவாள்? தலையையாவது சீவிக்கொண்டு வந்திருக்க மாட்டாளா? குட்ருன் வீட்டு ஜன்னலில் இரண்டு பூந்தொட்டிகள் இருக்கின்றன. நடுவில் சரியாக ஒரு மூக்கு நுழைகிற அளவுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் எல்லார் வீடும் கோணலாகத்தான் தெரியும்.

"பதவி தலைக்கேறிடுச்சு அவளுக்கு. மக படிப்பு முடிச்சு வெள்ளைத் தொப்பியோட வந்த அன்னைக்கே கதவைத் திறக்க ஆளில்லே. அவளெல்லாம் ஒரு தாயா?" என்றும் சொல்கிறாள்.

அந்தக் கதவு விஷயம் மட்டும் உண்மை. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னால்தான் நியாயம் தெரியும்.

யூட்லாந்து தீபகற்பத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிற இந்த ஊரில் பாதிப் பேர் மாடு வைத்திருக்கிறார்கள், மீதிப் பேர் அந்த மாட்டுப் பாலைச் சீஸாக்குகிறார்கள். போடில் பத்தொன்பது வயதில் சீஸ் ஆலையில் சீஸுக்குத் தாள் சுற்றுகிற பெண்ணாகச் சேர்ந்தாள். நாற்பத்தேழு வயதில் அதே ஆலைக்கு மேலாளர். யாரையும் காக்காய் பிடித்து அல்ல, நாக்கால் மேலே வந்தாள். நீளமான குழிவான இரும்புக் கம்பியைச் சீஸுக்குள் செருகி, ஒரு திருகு திருகி இழுப்பாள். விரல் கனத்துக்கு ஒரு துண்டு வரும். மோந்து, கிள்ளி, மென்று, வாளியில் துப்பிவிட்டு, எந்த ஷிப்டில் எவன் அசந்துபோனான் என்று சொல்லிவிடுவாள்.

அவள் புருஷன் பிரேபன் அதே ஆலையில், சீஸை உப்புத்தண்ணீரில் ஊறப்போடுகிற உப்புத்தொட்டிப் பகுதிக்கு சூப்பர்வைசர். நல்ல மனுஷன். அதையும் சொல்லத்தான் வேண்டும். பனிக்காலத்தில் பக்கத்து வீட்டு வாசலுக்கும் சேர்த்துப் பனி தள்ளுவான்.

போடில் மேலாளரான முதல் வாரம், பிரேபன் ஷிப்டில் ஊறிய முந்நூற்றிருபது சீஸ் சோதனைக்கு வந்தது. அவன் முற்றத்தில் நின்று ரேடியோவில் கால்பந்து ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் உப்புத்தண்ணீர் சூடேறிவிட்டது. போடில் கம்பியைச் செருகினாள், மென்றாள், துப்பினாள். பின்னால் பதினோரு பேர் நின்றார்கள், பிரேபனும் நின்றான். புருஷன் சீஸ் என்று பாஸ் போட்டுவிட முடியுமா? கெட்ட சீஸ் இரண்டு மாதத்தில் உப்பிக்கொண்டு தானே காட்டிக்கொடுத்துவிடும். சுண்ணக்கட்டியை எடுத்து முந்நூற்றிருபதிலும் கழிவு என்று பெருக்கல் குறி போட்டாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்த பிரேபன் நாயைப் பார்த்தான். "டில்லெ, உருளைக்கிழங்கு வெந்துடுச்சுன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு" என்றான்.

போடில் விளையாட்டு என்று நினைத்தாள். "டில்லெ, தட்டு எடுத்து வைக்கச் சொல்லு உங்க அப்பாவை" என்றாள். அது விளையாட்டில்லை. மறுமாதம் முதுகு வலி என்று எழுதிக் கொடுத்து அவன் வேலையை விட்டான். அதற்குப் பிறகும் அந்த வீட்டில் பேச்செல்லாம் டில்லெ வழியாகத்தான். மின்சாரக் கட்டணம், கூரை ஒழுக்கு, பல் வைத்தியர், எல்லாவற்றையும் அந்தக் குட்டைக்கால் நாய் காதைச் சாய்த்துக் கேட்டது. போடில் துணி துவைக்கிற அறைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். விடிகாலை வேலைக்குப் போக அங்கேயே ஒரு பின்கதவு இருந்தது வசதி.

அதே வருஷம் ஜூன் மாதத்தில்தான் அந்தக் கதவு விஷயம். மகள் மைக்கன் பள்ளி இறுதி முடித்தாள். தேறியதற்கு அடையாளமாக வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைகள் லாரியில் இலைக்கொத்து கட்டிக்கொண்டு ஒவ்வொருவர் வீடாகப் போவார்கள். வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று வரவேற்று, தின்னவும் குடிக்கவும் கொடுக்க வேண்டும். அன்று பார்த்து ஆலையில் பால் காய்ச்சுகிற இயந்திரம் நின்றுபோனது. பிரேபன் வீட்டில் இருக்கிறானே, பார்த்துக்கொள்வான் என்று போடில் நினைத்தாள். பிரேபன் மாடியில் இருந்தான். தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்று நினைத்தான். போடில் டில்லெயிடம் சொல்லியிருந்தாள். அது தூங்கிவிட்டது. இருபத்தெட்டுப் பிள்ளைகள் வாசலில் நின்று ஹாரன் அடித்தார்கள். கதவு திறக்கவில்லை. குட்ருன்தான் ஓடிவந்து ஒரு ஜாடி எலுமிச்சைச் சாறு கொடுத்தாள். அந்த ஜாடியை இன்றுவரை ஊருக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

மைக்கன் அந்த ஆகஸ்டிலேயே ஆல்போர்க் நகரத்துக்குப் படிக்கப் போய்விட்டாள். அம்மாவுக்கு ஒரு நாள், அப்பாவுக்கு ஒரு நாள் என்று தனித்தனியாகப் போன் செய்வாள். இரண்டு பேரிடமும் சீக்கிரம் வைத்துவிடுவாள்.

இப்படி இரண்டு வருஷம் ஓடிய பிறகு, தெற்கே ஜெர்மன் எல்லைப் பக்கம் இதைவிட நாலு மடங்கு பெரிய ஆலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி போடிலுக்கு அழைப்பு வந்தது. ஜூலை முதல் தேதி சேர வேண்டும். அவள் நாயை வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, பிரேபன் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்கூட வர்றியா, வரலியா? எதுவானாலும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. நம்ம வெள்ளிவிழா அன்னைக்குள்ள சொன்னா போதும். நாலு மாசம் இருக்கு."

பிரேபன் எழுந்து போய்க் கதவைத் திறந்து நாயை உள்ளே கூப்பிட்டான். "டில்லெ, பாக்கலாம்னு சொல்லு" என்றான்.

அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பதில்தான். வருவேன் என்றால் சந்தோஷம். மாட்டேன் என்றாலும் சரி. நாயின் தலைக்கு மேலாக வராமல், அவன் வாயிலிருந்து அவள் காதுக்கு நேராக வர வேண்டும். இருபத்தைந்து வருஷம் வாழ்ந்தவள் இதைக் கேட்கக்கூடாதா?

நாலு மாதத்தில் பதில் வரவில்லை. வளைவுதான் வந்தது.

இந்த ஊர் வழக்கப்படி, வெள்ளிவிழாத் தம்பதி வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் பச்சைக் கிளைகளால் வளைவு கட்ட வேண்டும். விடிந்ததும் அதன் முன் நின்று வாத்தியத்தோடு பாட வேண்டும். தம்பதி தூங்கி எழுந்த கோலத்தில் சேர்ந்து வெளியே வந்து, அதிசயப்பட்டு, எல்லாரையும் காலை உணவுக்குக் கூப்பிட வேண்டும். முன்கூட்டியே அவர்களுக்கு எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தாலும் தெரியக்கூடாது. ஒரு வாரமாக அதே தெருவிலிருந்த தச்சர் ஆக்ஸெலின் கார் கொட்டகையில் கிளை கட்டும் வேலையும் பீர் குடிக்கும் வேலையும் நடந்தன. போடில் வேலையிலிருந்து திரும்பும்போதெல்லாம் கொட்டகைக் கதவு அவசரமாக இறங்கும், அடியில் எட்டு ஜோடிக் கால்கள் தெரியும்.

ஒருநாள் அவள் நேரே போய் ஆக்ஸெலைப் பிடித்தாள். "ஆக்ஸெல், எங்களுக்கு இந்த வருஷம் ஒண்ணும் வேண்டாம். நிஜமாத்தான் சொல்றேன்."

"எது வேண்டாம்? எனக்கு ஒண்ணும் தெரியாதேம்மா" என்றார் அவர். தலைமுடியில் ஊசியிலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"வளைவு."

"எந்த வளைவு?"

வேண்டாம் என்று எல்லாரும்தான் சொல்வார்கள். அதுதான் மரியாதை. போடில் இவ்வளவு அழுத்தி வேண்டாம் என்றால் எவ்வளவு ஆசை இருக்கும் என்று கணக்குப் போட்டு, ஆக்ஸெல் வளைவை இன்னும் ஒரு முழம் உயர்த்தினார். அவளும் வேறு வழியில்லாமல் அறுபது பன்னுக்குச் சொல்லிவைத்தாள். "தற்செயலா இத்தனை பன்னா?" என்று ரொட்டிக்கடைக்காரி கண்ணடித்தாள்.

விழாவுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மாலை, சாப்பாட்டு நேரத்தில், முன்வாசலில் சுத்தியல் சத்தம் ஆரம்பித்தது. உள்ளே இரண்டு பேரும் முறைப்படி எதுவும் கேட்காதவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த தட்டு ஒன்று அதிர்ந்து கீழே விழுந்தது. வெளியே ஆக்ஸெல் "மெதுவாடா, உள்ளே கேக்கும்" என்று கத்தினார்.

பிரேபன் நாயைக் குனிந்து பார்த்தான். "டில்லெ, இந்த வருஷம் மரங்கொத்தி ஜாஸ்தி."

போடில் வாயிலிருந்த காபி மூக்கில் ஏறிவிட்டது. அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான். இரண்டு வருஷத்தில் முதல் சிரிப்பு. இப்போது சொல்லிவிடுவான் என்று அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் விழுந்த தட்டைப் பொறுக்கி வைத்துவிட்டு மாடிக்குப் போனான்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு வாத்தியம் முழங்கியது. போடில் திடுக்கிட்டு எழுந்தாள். தாமதமாகிவிட்டது என்பது மட்டும்தான் அவள் மூளைக்கு எட்டியது. இரண்டு வருஷப் பழக்கம், கால் தானாகப் பின்கதவுக்குப் போய், தானாக ரப்பர் பூட்ஸுக்குள் நுழைந்தது. வீட்டைச் சுற்றி ஓடிவந்தால், கூட்டத்தின் முதுகுதான் தெரிகிறது. எல்லாருக்கும் எதிரே, வளைவில் வெள்ளிக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய இருபத்தைந்து என்ற எண்ணுக்குக் கீழே, கோடுபோட்ட பைஜாமாவில் பிரேபன் தனியாக நின்றுகொண்டிருந்தான்.

குட்ருன் திரும்பிப் பார்த்தாள். பாட்டில் ஒரு குரல் குறைந்தது. அப்புறம் நாலு குரல் குறைந்தது. தம்பதி வெவ்வேறு கதவிலிருந்து வந்தால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பாட்டை நிறுத்துவதும் மரியாதையில்லை. அதனால் போடிலும் கூட்டத்தோடு சேர்ந்து பாடினாள். தன் கல்யாணப் பாட்டை, தன் புருஷனைப் பார்த்து, விருந்தாளிகள் பக்கத்தில் நின்று கடைசி அடி வரைக்கும் பாடினாள். இதைத்தான் குட்ருன் அவமானம் என்கிறாள். அந்த நேரத்தில் வேறென்ன செய்வதாம்? அவள் வந்து சொல்லட்டும்.

பன் வாங்கியாகிவிட்டது, ஆகவே எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். முதல் பஸ்ஸில் மைக்கனும் வந்து சேர்ந்தாள். "யாராவது கதவைத் திறக்கிறீங்களான்னு பார்க்கத்தான் வந்தேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். போடில் மகளுக்குப் பிடித்த கசகசா பன்னைத் தேடி எடுத்து அவள் தட்டில் வைத்தாள். மைக்கன் அதைத் தொடவில்லை, தள்ளிவைக்கவும் இல்லை.

வந்தவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். போன வருஷத்து மழையைப் பற்றியும் பேசினார்கள். ஆக்ஸெல் எழுந்து கரண்டியால் கோப்பையைத் தட்டினார்.

"இந்தத் தெருவுல சண்டைச் சத்தமே கேக்காத வீடு இது ஒண்ணுதான்" என்றார். "ரெண்டு வருஷமா ஒரு குரல் உயர்ந்து நான் கேட்டதில்லே. எங்க வீட்டுக்காரி இவங்களைப் பார்த்துக் கத்துக்கணும்."

மைக்கன் பக்கென்று சிரித்தாள். பிரேபன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். நன்றி சொல்லப்போகிறான் என்று எல்லாரும் மெல்வதை நிறுத்தினார்கள். நாயும் தலையைத் தூக்கியது. அவன் அதைப் பார்க்கவில்லை.

"போடில். நான் வரலே."

நாய் மறுபடி தலையைக் கீழே வைத்துக்கொண்டது, அவன் மேலே பேசினான்.

"அந்த முந்நூத்தி இருபது சீஸும் கெட்டதுதான். நீ பார்க்கிறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். நீ தப்பாச் சொல்லியிருந்தா அன்னைக்கே மன்னிச்சிருப்பேன். நீ சரியாச் சொல்லிட்டே. அந்தச் சரியோட என்னால ஒரே வீட்டுல இருக்க முடியலே."

குட்ருன் ஜாம் கரண்டியை நக்குவதை மறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். ஆக்ஸெல் மெதுவாக, "யாருக்காவது இன்னும் காபி?" என்றார்.

"என்கிட்ட சொன்னியே" என்றாள் போடில். "அது போதும், பிரேபன்." அவளுக்கு அழுகை வந்தது. அதைக் காபியோடு சேர்த்துக் குடித்துவிட்டு, பெட்டி கட்டப் போனாள்.

இரண்டு நாள் பொறுத்துப் போயிருக்கக்கூடாதா என்று கேட்கிறார்கள். கூடாது. திங்கட்கிழமை வரை இருந்திருந்தால் அவன் திரும்பவும் நாயிடம் போயிருப்பான். அவன் சொன்ன சொல் சூடாக இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அதில் ஒரு மரியாதை இருந்தது, அவனுக்கும் சேர்த்து.

மைக்கன் வந்து அறை வாசலில் சாய்ந்து நின்றாள். "நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"தெரியும்."

"பெரிய ஆலைன்னா இன்னும் நிறைய மெஷின் நிக்கும்."

"நிக்கும். உன் கதவு விஷயத்துல நான் செஞ்சது தப்பு, மைக்கன். மெஷின் மேல பழி போட மாட்டேன்."

மைக்கன் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். "ஸ்டேஷன்ல இறக்கிவிடு" என்று சொல்லிவிட்டு, சின்னப் பையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனாள்.

போடில் பின்கதவைப் பார்த்தாள். அந்த வழியாகப் போனால் ஓடிப்போனாள் என்பார்கள். முன்வாசலுக்கே வந்தாள். பிரேபன் அங்கே நின்றிருந்தான், பெரிய பெட்டியை வாங்கிக்கொண்டான். "இதுல என்ன, உப்புத்தொட்டியா?" என்றான். கதவைத் திறந்து இரண்டு பேரும் வெளியே வந்தார்கள்.

வெளியே எக்காளம் ஊதுகிற யோர்ன் படியோரத்தில் உட்கார்ந்து புகை பிடித்துக்கொண்டிருந்தான். பேச்சு நடந்தபோதெல்லாம் அவன் அங்கேயேதான் இருந்தான், உள்ளே நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. தம்பதி ஒருவழியாகச் சேர்ந்து வளைவுக்குக் கீழே வந்துவிட்டார்கள் என்று நினைத்து, சிகரெட்டைப் போட்டுவிட்டு எழுந்து ஊத ஆரம்பித்தான்.

ஊதும்போது நடந்து போக முடியாது. பிரேபன் பெட்டியைக் கீழே வைத்தான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நேராக நின்றார்கள். உள்ளே இருந்தவர்கள் ஜன்னலுக்கு வந்து மூச்சுவிடாமல் பார்த்தார்கள். யோர்ன் நல்லவன், ஒரு அடி விடாமல் முழுவதும் ஊதினான்.

முடிந்ததும் போடில் அவனுக்கு நன்றி சொன்னாள், பிரேபன் கையைக் குலுக்கினாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். மைக்கன் வண்டிக்குள்ளிருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள்.